தம்புசாமி போடும் ஆறு மார்க்

மேரு சாலையிலிருந்து உள்ளே திரும்பும் அந்தத் தாமான் குடியிருப்பில் மொத்தம் இருபத்திரண்டு வீடுகள். எந்த வீட்டு வாசலில் எந்தக் கார் எத்தனை மணிக்கு வந்து நிற்கிறது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்பது லோகேஸ்வரிக்கு மனப்பாடம். கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவள். அங்கே பிள்ளைகளின் வருகைப் பதிவைப் பார்த்தாள், இப்போது தெருவின் வருகைப் பதிவைப் பார்க்கிறாள். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. சேவை மனப்பான்மைதான்.

அப்படிப்பட்டவள் வீட்டுக்குள்ளேயே ஒரு புதிர் வந்து விழுந்தால் சும்மா இருப்பாளா?

விழுந்தது ஜனவரி முதல் வாரம். லோகேஸ்வரியின் தங்கை மகள் விஷ்ணுப்ரியா, சுபாங் ஜெயாவில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கிறாள். அப்பா அம்மா ஈப்போவில் இருப்பதால் பெரியம்மா வீட்டில்தான் வாசம். அன்று வந்தவள் பையைச் சோபாவில் போட்டாள், தானும் பையின் மேலேயே உட்கார்ந்தாள்.

"ஆறு, பெரியம்மா. மறுபடியும் ஆறு."

"யாருக்கு ஆறு? எதுல ஆறு? மொதல்ல சாப்பிடு."

சாப்பிடவில்லை. சொன்னாள். சர்வீஸ் முடிந்து கார் வீட்டுக்குப் போன இரண்டாம் நாள், கம்பெனி அமர்த்திய வேறொரு ஆபீசிலிருந்து ஒரு பெண் காரின் சொந்தக்காரருக்குப் போன் போடுவாள். உங்களைக் கவனித்துக்கொண்டவருக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை மார்க், உங்கள் காருக்கு எத்தனை மார்க் என்று கேட்பாள். ஒன்பது, பத்து என்றால் பாஸ். எட்டு என்றால் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஆறு என்றால் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார்.

விஷ்ணுப்ரியா வாகனத் தொழில்நுட்பத்தில் டிப்ளமா படித்தவள். அதைப் படித்த பெண்ணை அந்த சென்டர் மூன்று வருஷம் ரிசெப்ஷனில் உட்கார வைத்து, வருகிறவர்களுக்குக் காப்பி மெஷினைக் காட்ட வைத்திருந்தது. சண்டை போட்டு, காத்திருந்து, போன வருஷம்தான் சர்வீஸ் அட்வைசர் ஆனாள். காரின் கோளாறைக் கேட்டு எழுதி, பட்டறைக்கு அனுப்பி, சரியானதும் சொந்தக்காரரிடம் ஒப்படைக்கிற வேலை. அதுவும் தற்காலிகமாக. நவம்பர் சராசரி ஏழு புள்ளி ஒன்று. டிசம்பர் ஏழு புள்ளி மூன்று. ஜனவரியில் எட்டரை வராவிட்டால் மறுபடியும் காப்பி மெஷின்.

"மத்தவங்கெல்லாம் ஒம்பது, பத்து போடறாங்க பெரியம்மா. ஒரு கூட்டம் மட்டும் ஆறு. அஞ்சு இல்ல, ஏழு இல்ல. ஆறு."

"பேர் இருக்கா?"

"பேர் காட்ட மாட்டாங்க. காடி நம்பர் மட்டுந்தான்."

லோகேஸ்வரி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். விஷ்ணுப்ரியாவின் போனில் இருந்த கார் எண் பட்டியலைப் பார்த்தாள். மற்றவர்களுக்கு அது வெறும் எண். லோகேஸ்வரிக்கு ஒவ்வொன்றும் ஒரு முகம்.

"இது நம்ம தம்புசாமி அண்ணன் காடி லா. இது காப்பார்ல பல் கிளினிக் வச்சிருக்காரே ரமணி, அவருது. இது பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடை அமானுல்லா பாயோடது. இது…"

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அத்தனை பேரும் தம்புசாமியின் குழு. அத்தனை பேரையும் விஷ்ணுப்ரியாவிடம் அனுப்பி வைத்ததே லோகேஸ்வரிதான். "என் தங்கச்சி மக அங்கதான் இருக்கா, நம்ம புள்ளை, நல்லாப் பார்த்துக்குவா" என்று கோயில் வாசலில் நின்று ஆள் பிடித்துக் கொடுத்திருந்தாள்.

குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தம்புசாமி நான்கு வீடு தள்ளி இருப்பவர். மேருவில் ஒரு தொழிற்சாலைக்கு லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் ஒரு நீல நிற சுபாரு வாங்கினார். வாங்கின பிறகுதான் அதன் முகப்பில் இருந்த சின்னத்தை உட்கார்ந்து பார்த்தார். ஒரு பெரிய நட்சத்திரம், ஐந்து சின்ன நட்சத்திரம். சுபாரு என்றால் என்ன என்று மகளைப் போனில் தேடச் சொன்னார். மகள் தேடிச் சொன்னாள்: "அப்பா, ஜப்பான்ல கார்த்திகை நட்சத்திரத்துக்கு அதான் பேராம்."

மனிதர் அன்று இரவு தூங்கவில்லை என்று சொல்கிறார்கள். ஜப்பான்காரன் செய்து, சீனன் கையில் ஓடி, கடைசியில் தன் வாசலுக்கு வந்து நின்றிருப்பது முருகனை வளர்த்த ஆறு கார்த்திகைப் பெண்கள் என்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும். அதிலிருந்து மாதா மாதம் கிருத்திகையன்று பத்துமலைக்குக் காரை ஓட்டிப் போக ஆரம்பித்தார். பார்த்தவர்கள் கேட்டார்கள். கேட்டவர்களில் சிலர் வாங்கினார்கள். இப்போது ஒன்பது கார், எல்லாம் ஒரே பிராண்டு, கிருத்திகை விடியற்காலை ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். தம்புசாமிதான் தலைவர். வாட்ஸாப் குழுவும் உண்டு. அதில் தம்புசாமி எழுதுவார், மற்ற எட்டுப் பேரும் கைகூப்பும் படம் போடுவார்கள்.

சரி, இவ்வளவு ஆசையாகக் கார் வைத்திருப்பவர்கள் ஏன் ஆறு போடுகிறார்கள்?

லோகேஸ்வரிக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. அது அவளுடைய வாய்.

போன ஆகஸ்டில் தம்புசாமியின் மகள் தாமரைக்குச் சிரம்பானில் ஒரு மாப்பிள்ளை பேசி, தட்டு மாற்றுகிற வரை வந்து நின்றுபோயிற்று. நின்றுபோன செய்தி தம்புசாமி வீட்டிலிருந்து வெளியே வருவதற்கு முன்பே தெருக்கோடி ரொட்டிச் சானாய் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. யார் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்பது தெருவுக்கே தெரியாத மர்மம். லோகேஸ்வரிக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் கொண்டுபோனது அவள்தான். அதுவும் கெட்ட எண்ணத்தில் இல்லை. ரொட்டி வேக நேரமானது, சும்மா நிற்பானேன் என்று சொன்னாள்.

எப்படியோ அவர் காதுக்கு எட்டிவிட்டது, அந்த ஆத்திரம்தான் இந்த ஆறு என்று முடிவு கட்டினாள். என் வாய்க்கு என் தங்கை மகளைத் தண்டிக்கிறார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே நுணல் வாய் திறந்ததற்குப் பக்கத்தில் இருந்த குஞ்சு மாட்டிக்கொண்டது. இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் காலை ஒரு டப்பாவில் முறுக்கைப் போட்டுக்கொண்டு நான்கு வீடு நடந்தாள்.

தம்புசாமி காரைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவுவது என்றால் தண்ணீர் அடிப்பது இல்லை. மெல்லிய துணியால் நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார், குழந்தைக்கு மூக்குத் துடைப்பது போல.

"வா தங்கச்சி, உக்காரு. என்ன டப்பாலாம்?"

"முறுக்குண்ணே. அண்ணே, நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன்."

இதுவே பொய். ஆனால் அன்று உண்மையாகவே சுற்றி வளைக்கவில்லை.

"தாமரை விஷயத்துல நான் வாயை வச்சிருக்கக் கூடாது. தப்புதான். அந்த ரொட்டிக் கடையில நான் பேசியிருக்கக் கூடாது. மனசுல வச்சுக்காதீங்கண்ணே."

தம்புசாமியின் கையில் துணி அப்படியே நின்றது.

"எந்த ரொட்டிக் கடையில?"

"அதான்… நம்ம கோடிக் கடையில."

"நீ என்ன பேசின?"

லோகேஸ்வரிக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்தது. மனிதருக்கு இதுவரை தெரியாது. செய்தியைப் பரப்பியது அவர்கள்தான் என்று ஐந்து மாதமாகச் சிரம்பான்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பிப் போகலாமா என்று பார்த்தாள். டப்பா ஏற்கெனவே அவர் நாற்காலியில் இருந்தது.

"அது நீதானா லோகா?" என்றார் தம்புசாமி. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "எம் பொண்ணு அஞ்சு மாசமா அந்தப் பக்கம் நடக்கல, தெரியுமா? ரொட்டி வேணும்னா நான்தான் போய் வாங்கியாறேன்."

"அண்ணே…"

"முறுக்கை எடுத்துக்கோ. எனக்குப் பல்லு சரியில்ல."

அவருக்குப் பல் நன்றாகத்தான் இருந்தது. ரமணி டாக்டர் போன மாதம்தான் பார்த்தார். லோகேஸ்வரி டப்பாவோடு வீடு வந்து சேர்ந்தாள். இல்லாத பகையைத் தீர்க்கப் போய் இருக்கிற பகையைச் சம்பாதித்துக்கொண்டு வந்தவள் இந்தத் தாமானில் அவள் ஒருத்திதான். ஆறு மார்க் என்ற பேச்சையே எடுக்க முடியாமல் போய்விட்டது. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாயிற்று. ஆறுக்குக் காரணம் பகை இல்லை. அப்படியானால் வேறு என்ன?

கோபப்பட்ட மனிதரிடம் போக முடியாது. குழுவில் வாய் பேசக்கூடியவர் யார் என்று யோசித்தாள். மறுநாள் கிள்ளானில் கொம்யூட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தாள். அமானுல்லாவின் கடையில் ரவிக்கைத் துணி பார்ப்பதாகப் பேர். நான்கு துணியை விரிக்கச் சொல்லி, மூன்றை மடிக்கச் சொன்னாள்.

"பாய், காடி எப்படி ஓடுது?"

"ஓடுதாவா?" அமானுல்லாவின் முகம் மலர்ந்தது. "அக்கா, நான் பொய் சொல்ல மாட்டேன். என் வாழ்க்கையில நான் திருப்தியா இருக்கிற விஷயம் ரெண்டு. ஒண்ணு இந்தக் காடி."

இன்னொன்று என்ன என்று கேட்க லோகேஸ்வரிக்கு நாக்கு துடித்தது. கஷ்டப்பட்டு அடக்கினாள். ஒரு நேரத்தில் ஒரு விஷயம்.

"மழையில கெந்திங் மலை ஏறினேன். நாலு டயரும் ரோட்டைப் புடிச்சிக்கிட்டு, பல்லி மாதிரி ஏறுது. எட்டு வருஷம் ஆச்சு. சர்வீஸுக்குப் போனா உங்க பொண்ணு, அந்தப் புள்ளை தங்கம்க்கா. சத்தம் வருதுன்னா, கூட உக்காந்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து, எந்தப் பக்கம்னு சொல்லுது. நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"எல்லார்கிட்டயும் சொல்றீங்க. போன்ல கேட்டா மட்டும் ஆறு."

"ஆமா, ஆறு," என்றார் அமானுல்லா, பெருமையாக.

"ஏன் ஆறு?"

"அது தலைவர் சொன்னதுக்கா. குழுவுல போட்டிருக்காரு. போன் வந்தா ஆறு. காடிக்கும் ஆறு, சர்வீஸுக்கும் ஆறு. அது முருகன் கணக்காம். ஆறு நட்சத்திரம், ஆறு முகம், ஆறு எழுத்து, ஆறு படைவீடு. ஆறுன்னா அதுக்கு மேல மரியாதையே இல்லையாம். பத்துன்னு சொன்னா கண்ணு பட்டுடும்னாரு."

"நீங்க ஏன் பாய் முருகன் கணக்குல மார்க் போடறீங்க?"

"நான் குழுவுல இருக்கேனே அக்கா," என்றார் அவர், இதில் என்ன கேள்வி என்பது போல. "அவங்க படி ஏறுவாங்க. நான் கீழ பார்க்கிங்ல ஒம்பது காடியையும் பார்த்துக்குவேன். இறங்கி வரும்போது இளநி வெட்டி ரெடியா இருக்கும். எட்டு வருஷமா அப்படித்தான். குழுவுக்கு ஒரு கணக்குன்னா எனக்கும் அதான் கணக்கு. ஏன், ஆறு கம்மியா?"

லோகேஸ்வரி ஒரு மீட்டர் துணி வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒன்பது பேர் ஒரு பெண்ணுக்குக் கிரீடம் வைக்கிறோம் என்று நினைத்துத் தலையில் குட்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வருகிற ரயிலில் போனை எடுத்து அந்தக் கம்பெனியின் கதையைத் தேடிப் படித்தாள். பழக்கம்தான். ஒரு குடும்பத்தோடு வம்பு என்றால் மூன்று தலைமுறை விசாரிக்காமல் அவள் பேசப் போகமாட்டாள். கார் கம்பெனி மட்டும் என்ன விதிவிலக்கா.

அது முதலில் விமானம் செய்த கம்பெனியாம். சண்டையில் ஜப்பான் தோற்றதும் விமானம் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் கிடந்த விமான வால் சக்கரத்தை எடுத்து ஸ்கூட்டருக்கு மாட்டி விற்றிருக்கிறார்கள். கம்பெனியையும் துண்டு துண்டாக உடைத்திருக்கிறார்கள். பிறகு அதில் ஐந்து துண்டுகள் சேர்ந்து ஒன்றாயின. அந்த ஐந்துதான் ஐந்து சின்ன நட்சத்திரம், சேர்ந்த பெரிய கம்பெனிதான் பெரிய நட்சத்திரம். பிரிந்த பங்காளிகள் சேர்ந்து பேர் வைத்த கதை. நம் ஊரில் பிரிந்தவர்கள் சேர்ந்தால் கோர்ட்டில்தான் சேருவார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

கதை நன்றாக இருந்தது. ஆனால் ஆறை அசைக்க அதில் ஒன்றும் இல்லை. இன்னும் அந்த எண்ணைக் கெட்டிப்படுத்தத்தான் செய்தது. தைக் கிருத்திகை வருகிறது. அதற்கு முன்னால் குழுவின் ஆறு கார்கள் சர்வீஸுக்குப் போகின்றன. அத்தனை பேரும் விஷ்ணுப்ரியாவிடம்தான். ஆறு ஆறு வந்து விழுந்தால் பெண் கதை முடிந்தது.

வீட்டில் சொன்னபோது விஷ்ணுப்ரியா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நான் போய் பத்து போடுங்கன்னு கேட்கக் கூடாது பெரியம்மா. ரூல்ஸ். தெரிஞ்சா வேலையே போயிரும்."

"நீ கேட்காதே. நான் கேட்கறேன். எனக்கு ரூல்ஸ் கிடையாது."

"உங்க மூஞ்சியிலதான் அவரு முழிக்கவே மாட்டேங்கிறாரே."

அதுவும் உண்மை. ஆனாலும் போனாள். இந்த முறை முறுக்கு இல்லை. தம்புசாமி கேட்டைத் திறக்கவில்லை, கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"அண்ணே, என் மேல இருக்கிற கோபம் நியாயம். அதை வச்சுக்குங்க. நான் அதுக்கு வரல. நீங்க போடற ஆறு, அந்தப் புள்ளைக்கு ஃபெயில் மார்க்."

"என்ன ஃபெயில்?"

சொன்னாள். ஒன்பது, பத்து, எட்டரை, ரிசெப்ஷன், காப்பி மெஷின் எல்லாம் சொன்னாள். தம்புசாமியின் முகம் மெதுவாக மாறியது. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் அந்தப் புள்ளைக்கு மரியாதை பண்றதா நெனச்சேன் லா," என்றார். "அது சின்னப் புள்ளை. போன மாசம் என் காடிக்குக் கீழ படுத்துப் பார்த்துச்சு. சட்டையெல்லாம் எண்ணெய். யாரு அப்படிச் செய்வா? அதுக்குத்தான் ஆறு. அடுத்தவனுக்கு நான் நாலு கூடப் போட மாட்டேன்."

"அப்ப பத்து போட்டுருங்கண்ணே. முடிஞ்சது."

"பத்து நான் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"மொத தடவை சொன்னேன். காடி வாங்கின புதுசு. போன்ல ஒரு பொண்ணு கேட்டா, பத்துக்குப் பத்தும்மா, இது மாதிரி காடி உலகத்துலயே இல்லன்னேன். அந்த வாரமே காத்துல மரம் முறிஞ்சு பானெட்டு மேல விழுந்துச்சு. இங்கதான், இதே எடத்துல. வீட்டுல யாருக்கும் ஒண்ணும் ஆகல, கூரை ஓடு கூட உடையல. நேரா வந்து காடி மேல. பத்துன்னா நெறைஞ்சு போச்சுன்னு அர்த்தம். நெறைஞ்சா அப்புறம் கொட்டத்தானே செய்யும்?"

லோகேஸ்வரியால் இதை மறுக்க முடியவில்லை, ஏனென்றால் அவளும் அப்படித்தான் நம்புகிறாள். குழந்தையைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உடனே தூ தூ என்று துப்புகிற ஜாதி.

கேட்டின் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர், நடுவில் நீல நிறக் கார். கார்க் கண்ணாடிக்குள் சின்னதாக ஒரு முருகன் படம். லோகேஸ்வரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிராணி மூளை, எதைப் பார்த்தாலும் எண்ணும். முகத்தை எண்ணினாள். பிறகு கையை எண்ணினாள்.

"அண்ணே, காடிக்கு நீங்க ஆறு போடறது சரி. காடியில இருக்கிறது முகம். நட்சத்திரம் ஆறு, முகம் ஆறு. அதை நான் குறை சொல்ல மாட்டேன்."

"ம்."

"ஆனா சர்வீஸ் பண்றது முகமா, கையா?"

தம்புசாமி அவளைப் பார்த்தார்.

"அந்தப் புள்ளை காடிக்குக் கீழ படுத்தது முகத்தைக் காட்டவா? கை வேலை அண்ணே அது. வேலைக்கு மார்க் போடும்போது கையைத்தானே எண்ணணும். முருகனுக்கு எத்தனை கை?"

"பன்னிரண்டு," என்றார் தம்புசாமி, தன்னை அறியாமல்.

"அப்ப சர்வீஸுக்குப் பன்னிரண்டு."

அவர் குனிந்து, கார்க் கண்ணாடிக்குள் இருந்த முருகனின் கைகளை எண்ணிப் பார்த்தார். குழுத் தலைவர் என்றால் சும்மா இல்லை, ஒரு தத்துவத்தை மாற்றுவதற்கு முன் நான்கு பக்கமும் பார்க்க வேண்டும்.

"பத்துக்குத்தானே கேட்கறாங்க. பன்னிரண்டு இருக்காதே."

"இருக்காது. அது அவங்க கவலை. நீங்க பத்துன்னு வாயால சொல்லப் போறதில்ல. நெறைஞ்சுதுன்னும் சொல்லப் போறதில்ல. அவங்களா கொறைச்சுப் போட்டுக்கட்டும்."

தம்புசாமி தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்ட ஆட்டமா, போ என்ற ஆட்டமா என்று புரியவில்லை. உள்ளே போகும்போது திரும்பிச் சொன்னார்: "உன் மேல கோபம் அப்படியேதான் இருக்கு லோகா. இது அந்தப் புள்ளைக்கு."

அன்று மாலை குழுவில் தலைவரின் செய்தி வந்தது. எட்டு பேர் கைகூப்பினார்கள்.

மூன்று வாரத்தில் ஆறு கார்களும் சர்வீஸ் முடிந்து வந்தன. தம்புசாமிக்கு எப்போது போன் வரும் என்று லோகேஸ்வரிக்குத் தெரியும், இரண்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு மேல். அன்று பத்தரைக்கே துடைப்பத்தோடு தெருவில் இறங்கி, தன் வீட்டு வாசலில் ஆரம்பித்து, நான்கு வீடு தள்ளித் தம்புசாமி வாசல் வரை சாலையைப் பெருக்கிவிட்டாள். நகராண்மைக் கழகமே அப்படிப் பெருக்கியதில்லை.

தம்புசாமி போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். லோரி ஓட்டிய காது.

"குட் மார்னிங் அங்கிள், உங்களைக் கவனிச்ச சர்வீஸ் அட்வைசருக்கு ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள எத்தனை மார்க் கொடுப்பீங்க?"

"பன்னிரண்டு."

"அங்கிள், பத்துக்குள்ள."

"தெரியும்மா. பன்னிரண்டு."

"மேக்சிமம் பத்துதான் அங்கிள். பன்னிரண்டு சிஸ்டத்துல இல்ல."

"அது உங்க சிஸ்டத்தோட கொறை. நான் என்ன செய்ய?"

அந்தப் பக்கம் கீபோர்டில் தட்டும் சத்தம் நின்றது. துடைப்பமும் நின்றது.

"அப்ப பத்துன்னு போட்டுக்கவா அங்கிள்?"

"நீ என்னத்தப் போடறியோ அது உன் கை. நான் பத்துன்னு சொல்லல. நான் சொன்னது பன்னிரண்டு. அதை நல்லா எழுதிக்க."

"சரி அங்கிள். உங்க காடிக்கு எத்தனை?"

"ஆறு."

"காடியில ஏதாவது பிராப்ளமா?"

"பிராப்ளமா?" தம்புசாமியின் குரல் உயர்ந்தது. "யார் சொன்னது? பதினோரு வருஷம். ஒரு நாள் ரோட்டுல நின்னதில்ல. உங்க முதலாளி கூட இப்படி ஒரு காடியில போயிருக்க மாட்டாரு."

"அப்ப ஏன் அங்கிள் ஆறு?"

"ஆறுதான்மா," என்றார் அவர், கனிவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. "அதுக்கு மேல கிடையாது."

அமானுல்லாவும் பன்னிரண்டு சொன்னார். காரணம் கேட்ட பெண்ணிடம் "கையை எண்ணிப் பாருங்க" என்று சொல்லி அவளைக் குழப்பிவிட்டார். இன்னும் மூன்று பேர் சொன்னார்கள். ரமணி டாக்டர் மட்டும் ஒரு நோயாளியின் வாயில் ஊசி வைத்துக்கொண்டு போனை எடுத்ததால், காருக்குப் பன்னிரண்டும் சர்வீஸுக்கு ஆறும் என்று மாற்றிச் சொல்லிவிட்டார். இரவு எட்டு மணிக்கு நினைவு வந்து, தலைவருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். விஷ்ணுப்ரியாவுக்கு அந்த ஆறைப் பார்த்ததும் காய்ச்சலே வந்துவிட்டது. மாதக் கடைசி வரை அந்த வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. விஷ்ணுப்ரியா வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள். பையைச் சோபாவில் போடவில்லை, தோளிலேயே வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள்.

"எட்டு புள்ளி ஒம்பது," என்றாள்.

லோகேஸ்வரி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னாரு. வேலை நிரந்தரம். லெட்டர் திங்கக்கிழமை கையில கொடுப்பாங்க." அவள் பையைத் தோளிலிருந்து இறக்கினாள். "அப்புறம் ஒண்ணு கேட்டாரு. கிள்ளான் பக்கத்துல சர்வீஸுக்கு பத்து பத்தா வருது, காடிக்கு மட்டும் ஏன் ஆறு, நீ விசாரிச்சு ஒரு ரிப்போர்ட் எழுதுன்னாரு."

"என்ன எழுதுவே?"

"தெரியல. அவங்க ரொம்பத் திருப்தியா இருக்காங்கன்னு எழுதலாம். நம்புவாங்களா?"

இருவரும் சிரித்தார்கள். பிறகு விஷ்ணுப்ரியா குளிக்கப் போனாள். லோகேஸ்வரி கொஞ்ச நேரம் அடுப்படியிலேயே நின்றாள். நெஞ்சு நிறைய ஒரு செய்தி. இவ்வளவு நல்ல செய்தி அவள் கைக்கு வந்து வருஷக்கணக்கு ஆகிறது. கால் தானாக வாசலுக்கு நடந்தது.

எதிர் வீட்டு இராஜம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், காத்திருந்தது போல.

"என்னக்கா, உங்க தங்கச்சி மக சிரிச்சுக்கிட்டே வந்துச்சு. ஏதாவது விசேஷமா? வேலையில ஏதோ பிரச்சினைன்னு சொன்னீங்களே, என்னாச்சு?"

லோகேஸ்வரி வாயைத் திறந்தாள். நாலாவது வீட்டு வாசலில் தம்புசாமி நின்றிருந்தார். அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்குள்ளிருந்து தாமரை வந்து அவரிடம் ஏதோ கேட்டாள், சின்னப் பை ஒன்றை எடுத்துக்கொண்டு கோடிக் கடைப் பக்கம் நடந்தாள், ஐந்து மாதத்துக்குப் பிறகு, தனியாக.

லெட்டர் கைக்கு வர வேண்டிய திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

"ஏதோ போய்க்கிட்டிருக்கு லா," என்றாள் லோகேஸ்வரி. "சொல்ற மாதிரி ஒண்ணுமில்ல."

இராஜம்மா நம்பவில்லை. லோகேஸ்வரி வீட்டில் சொல்ற மாதிரி ஒன்றுமில்லை என்பதை இந்தத் தெருவில் யார் நம்புவார்கள். அவள் இன்னும் இரண்டு கேள்வி கேட்டாள். லோகேஸ்வரி உதட்டை இறுக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள், சாத்திய கதவுக்குப் பின்னால் நின்று பெருமூச்சு விட்டாள்.